இரும்பைக் கொடுத்து வாங்கிய பழம்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

நாற்பது வயதைக் கடந்த தமிழர்களுக்கு இந்தக் குரலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தள்ளுவண்டியின் ஒரு பக்கம் ஓட்டைக் குடமும் ஒடிந்த கரண்டியும் கிடக்கும். மறுபக்கம் ஈ மொய்க்கும் பேரீச்சை உருண்டை. அடுப்படியில் இருந்த நல்ல தோசைக்கல்லையே தூக்கிக் கொடுத்துவிட்டு முதுகில் வாங்கிக்கொண்ட பிள்ளைகளின் கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பண்டமாற்றில் வீடு ஏமாந்த கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு கொதித்தால் சட்டியின் இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். அது உடம்புக்கு உதவும் இரும்பு. அந்தச் சட்டியைக் கொடுத்துவிட்டு, 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இரும்பு மட்டுமே உள்ள பழத்தை வாங்கித் தின்றோம்.

பேரீச்சை என்றாலே ரத்தம் ஊறும் என்பது நம் ஊரில் ஆழமாக வேரோடிய நம்பிக்கை. முகம் வெளுத்த பெண் பிள்ளைக்கும், பிரசவம் முடிந்து வந்த மகளுக்கும் முதலில் வாங்கி வருவது அதைத்தான். டானிக் விளம்பரங்களும் இதே பாட்டைத்தான் பாடுகின்றன. நம்பிக்கையைக் கொஞ்சம் தராசில் வைப்போம். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. சாதாரணப் பேரீச்சை நான்கு சாப்பிட்டால் சுமார் 30 கிராம். அதில் கிடைப்பது 0.3 மில்லிகிராம் இரும்பு, அதாவது அன்றையத் தேவையில் நூற்றில் ஒரு பங்கு. முழுத் தேவைக்கும் பேரீச்சையையே நம்பினால் கிட்டத்தட்ட 3 கிலோ தின்ன வேண்டும். அந்த 3 கிலோவோடு 8,000 கலோரிக்கு மேல் உள்ளே போகும்.

போதாக்குறைக்கு, செடிகொடிகளில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஈர்ப்பதில்லை. அதற்கு வைட்டமின் சி துணை வேண்டும். காய்ந்த பேரீச்சையில் அந்த வைட்டமின் அநேகமாக இல்லை. கம்பில் பேரீச்சையைப்போல ஆறு மடங்குக்கு மேல் இரும்பு இருக்கிறது. கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்கும் ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. மாதவிடாய் வந்த பெண்ணுக்குச் சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுத்த பாட்டிக்கு விளம்பரம் எழுதுகிறவர்களைவிட விஷயம் தெரிந்திருக்கிறது.

இது வெறும் கணக்கு விளையாட்டு என்று தள்ள முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! தினமும் இரண்டு பேரீச்சை கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் ரத்தப் பரிசோதனையையும் இரும்பு மாத்திரையையும் தள்ளிப்போடும் வீடுகள் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கின்றன.

வைத்தியர்கள் எங்கே வைத்தார்கள்?

இப்படிச் சொன்னால் பாரம்பரிய மருத்துவத்தைக் குறை சொல்வதாகச் சிலருக்குக் கோபம் வரலாம். ஏடுகளைப் புரட்டினால் நிலைமை நேர்மாறு. உடல் வெளுக்கும் பாண்டு நோய்க்குச் சித்த மருத்துவர் கையிலெடுப்பது அன்னபேதி செந்தூரம், அயச் செந்தூரம் போன்றவற்றை. இரண்டுமே இரும்பிலிருந்து செய்பவை. அண்மையில் தூத்துக்குடி மாவட்டத்தில் 2,648 வளரிளம் பெண்களை வைத்து 45 நாள் நடந்த சித்த மருத்துவத் திட்டத்தில் கொடுத்தவை நான்கு: அன்னபேதி செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம். ஹீமோகுளோபின் ஏறியதாகவும் சோர்வும் மூச்சிரைப்பும் குறைந்ததாகவும் முடிவுகள் வந்தன. இரும்புக்குச் செந்தூரம், அதை உடல் ஈர்த்துக்கொள்ள நெல்லி. இன்றைய ஊட்டச்சத்து நிபுணரும் இப்படித்தான் சேர்ப்பார். அந்தப் பட்டியலில் பேரீச்சைக்கு இடமில்லை.

அப்படியானால் பழைய வைத்தியம் அதை எங்கே வைத்தது? ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதை மருந்துப் பொருள்களைப் பத்துப் பத்தாக ஐம்பது தொகுதிகளாகப் பிரிக்கிறது. அதில் ஒரு தொகுதிக்கு 'சிரமஹரம்' என்று பெயர். உடல் களைப்பைப் போக்குபவை. திராட்சை, இலந்தை, மாதுளை, அத்தி, கரும்பு, யவம் என்னும் பார்லி, அறுபது நாளில் விளையும் நெல் என்று போகும் அந்த வரிசையில் இரண்டாவதாக நிற்கிறது பேரீச்சை. இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலானவை சர்க்கரையோ மாவோ நிறைந்தவை. வெயிலில் நடந்தவனுக்கும் வயலில் உழைத்தவனுக்கும் விரைந்து தெம்பு தருபவை. சுக்குரோஸ், குளுக்கோஸ் என்ற பெயர்களெல்லாம் பிறக்காத காலத்தில், விளைவை மட்டும் பார்த்து ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதுதான் வியப்பு.

குடித்து மயங்கிக் கிடப்பவருக்கு ஆயுர்வேதத்தில் 'கர்ஜூராதி மந்தா' என்று ஒரு பானகம் உண்டு. பேரீச்சை, திராட்சை, புளி, மாதுளை, நெல்லி முதலியவற்றைக் குளிர்ந்த நீரில் கடைந்து கொடுப்பார்கள். நீர், சர்க்கரை, பொட்டாசியம், புளிப்பு எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. குடியால் வறண்ட உடம்புக்கு இன்றைய மருத்துவரும் முதலில் நீரையும் உப்புகளையும் சர்க்கரையையும்தான் ஏற்றுவார். வேடிக்கை என்னவென்றால், கி.மு. 401இல் பாபிலோன் பக்கம் படையோடு போன கிரேக்க வீரர் செனபோன், உலர்த்திய பேரீச்சை மதுவோடு தின்ன இனிமையாக இருந்தாலும் தலைவலி தருகிறது என்று எழுதிவைத்திருக்கிறார். தலைவலியும் அந்தப் பழத்திலேயே, மருந்தும் அந்தப் பழத்திலேயே! அதே இடத்தில் இன்னொரு செய்தியும் சொல்கிறார். கிரேக்க நாட்டுக்கு வந்துகொண்டிருந்த தரத்துப் பேரீச்சையை அந்த ஊரில் வேலைக்காரர்களுக்குத்தான் ஒதுக்கினார்களாம். எசமானர்களுக்கு வைத்த பழம் அம்பர் நிறத்தில் பெரிதாக இருந்ததாம். ஏற்றுமதித் தரம், உள்ளூர்த் தரம் என்ற பேதத்துக்கு வயது 2,400 ஆண்டு.

இருமலுக்குக் கொடுக்கும் ஏலாதி குளிகையில் ஏலம், திப்பிலி, அதிமதுரம், திராட்சையோடு பேரீச்சையும் இடம்பெறுகிறது. காரமான திப்பிலியைத் தொண்டைக்கு இதமாக்கவும் குளிகையைத் திரட்டிப் பிடிக்கவும் இந்தப் பிசுபிசுப்பான இனிப்பு கைகொடுக்கிறது. ஒரு கேள்வி எழலாம். பழைய நூல்கள் சொல்வது நம் காட்டு ஈச்சையையா, அரபு நாட்டுப் பேரீச்சையையா? பதினாறாம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்காமல், நாட்டு ஈச்சையைத் தனியாகவும் மேற்குத் தேசத்திலிருந்து வருவதைத் தனியாகவும் பேசுகிறது. அதற்குள் கப்பல்கள் அதைச் சிப்பம் சிப்பமாக நம் கரைகளில் இறக்கத் தொடங்கியிருந்தன. பாஸ்ராவின் பேரீச்சையை ஏற்றிக்கொண்டு குவைத்துப் பாய்மரக் கப்பல்கள் இந்தியாவின் மேற்குக் கரைக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வந்துகொண்டிருந்தன. பாலைவனத்தின் பழம் பழநி மலை ஏறி, விருப்பாட்சி வாழைப்பழத்தோடும் நெய்யோடும் முருகனின் பஞ்சாமிர்தத்தில் கலந்த பிறகு அதை அயல்பழம் என்று யார் சொல்வது?

சூடா, குளிர்ச்சியா?

இந்த இடத்தில் இரண்டு பெரிய மருத்துவ முறைகள் முட்டிக்கொள்கின்றன. ஆயுர்வேதம் பேரீச்சையைக் குளிர்ச்சி என்கிறது. யுனானியோ சூடு என்கிறது. நம் வீடுகளில் "ரொம்பத் தின்னாதே, சூடு" என்று அதட்டும் அம்மாக்கள் தங்களை அறியாமலே யுனானி கட்சி. யுனானியில் பேரீச்சைக்குத் தனி மரியாதை உண்டு. உலர்ந்த பேரீச்சையை மாவாக்கிச் செய்யும் 'மஜூன் ஆரத் குர்மா' ஆண்களின் பலவீனத்துக்கு இன்றும் யுனானி மருந்துக்கடைகளில் விற்கும் லேகியம்.

நபிகள் நாயகம் பேரீச்சையை வெள்ளரிக்காயோடு சேர்த்துச் சாப்பிட்டதாக நபிமொழித் தொகுப்புகள் சொல்கின்றன. ஒன்றின் சூட்டை மற்றதன் குளிர்ச்சி தணிக்கும் என்று பதினான்காம் நூற்றாண்டின் இஸ்லாமிய அறிஞர் இப்னுல் கய்யிம் போன்றோர் இதற்கு விளக்கம் எழுதினார்கள். சூடு, குளிர்ச்சி என்ற சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல எனக்கு ஆர்வமில்லை. ஆனால் இரு தரப்பும் ஒத்துப்போகும் ஒரு விஷயம் இருக்கிறது: அளவு மீறினால் வயிற்றுக்குப் பளு. 100 கிராம் பேரீச்சையில் சர்க்கரை மட்டும் 63 முதல் 66 கிராம். வெள்ளரியில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டையும் மாற்றி மாற்றிக் கடித்தால் ஒருவர் தின்னும் பேரீச்சை தானாகவே குறையும்.

நோன்பு திறக்கும் வழக்கத்தில் இன்னும் தெளிவான பொருத்தம் தெரிகிறது. கனிந்த ஈரமான பழம், அது இல்லையென்றால் உலர்ந்த பழம், அதுவும் இல்லையென்றால் தண்ணீர் என்பது நபிவழி. கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையைப் பதின்மூன்று, பதினான்கு மணிநேரப் பட்டினி கணிசமாகக் கரைத்துவிடும். நன்கு கனிந்த பல வகைப் பேரீச்சைகளில் சுக்குரோஸ் ஏற்கெனவே குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைந்து கிடக்கிறது. குடல் அதைச் செரிக்க மெனக்கெட வேண்டியதில்லை. 100 கிராமில் 650 முதல் 700 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நார்ச்சத்து 7, 8 கிராம். மூன்று பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் வயிற்றைத் தயார்செய்துவிட்டால், அப்புறம் வரும் நோன்புக் கஞ்சியின்மேல் யாரும் பாய மாட்டார்கள். அப்படியும் சமோசாத் தட்டின்மேல் பாய்கிறவர்களைப் பற்றி மருத்துவ நூல்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே பழம், எதிரெதிர் வேலை

கடையில் பாக்கெட்டாகப் பார்த்தே பழகிய நமக்கு மரத்திலிருக்கும் பேரீச்சையின் பருவங்கள் தெரியாது. அரபியில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பச்சைக் காய் கிம்ரி. மஞ்சளோ சிவப்போ ஏறி, கடித்தால் மொறுமொறுவென்று இருப்பது கலால். நுனியிலிருந்து பழுத்துக் குழைவது ருதப். சுருங்கிக் காய்ந்து கெடாமல் நிற்பது தம்ர். கிம்ரியிலும் கலாலிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. துவர்ப்பு குடலை இறுக்கும். ஆகவே காய்ப்பருவத்தை வயிற்றுப்போக்குக்கும் கனிந்ததை மலச்சிக்கலுக்கும் கொடுத்தார்கள். ஒரே குலையின் பழம் நான்கு வாரம் முன்னே பின்னே பறித்தால் எதிரெதிரான மருந்து. பேரீச்சை வயிற்றைக் கட்டுமா இளக்குமா என்று கேட்பவரிடம், எந்தப் பருவம் என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவரே வைத்தியர்.

நம் நாட்டில் இந்தக் கலால் பருவத்தைச் சுவைக்க வேண்டுமானால் குஜராத்தின் கட்ச் பக்கம் போக வேண்டும். பழம் மரத்திலேயே கனிந்து காய அங்கே பருவமழை விடாது. மழைக்கு முன்பே ஜூன், ஜூலையில் குலைகளை வெட்டி, மொறுமொறுப்பான 'காரெக்' ஆக விற்கிறார்கள். கட்ச் காரெக்குக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. தருமபுரி மாவட்டம் அரியகுளத்திலும் பர்ஹி ரகத்தை வளர்த்துப் பச்சைப் பழமாகவே சந்தைக்கு அனுப்புகிறார்கள். ஜூலை மாதத்தில் சென்னைக் கடைகளில் குலையோடு தொங்கும் மஞ்சள் பேரீச்சையைக் கண்டால் ஒருமுறை வாங்கிக் கடித்துப் பாருங்கள். துவர்ப்பும் இனிப்பும் நாக்கில் மாறி மாறி வரும்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பழத்தின் மருத்துவக் குணத்தை நேரிலேயே சோதிக்கக் கிளம்பிய ஒரு மருத்துவரும் இருக்கிறார். பழங்கால யூதேயாவின் பேரீச்சையை ரோமானியர்கள்வரை புகழ்ந்திருந்தார்கள். அந்த ரகம் எப்போதோ அழிந்துபோனது. மசாடா கோட்டையில் 1960களில் தோண்டி எடுத்த கொட்டைகள் ஆராய்ச்சியாளர்களின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. ஜெருசலேமில் இயற்கை மருத்துவ ஆராய்ச்சி மையம் நடத்திய சாரா சாலன் அவற்றைக் கேட்டு வாங்கினார். அவரோடு சேர்ந்து பணியாற்றிய எலைன் சொலோவே அவற்றை 2005இல் தென் இஸ்ரேலின் கெத்தூராவில் விதைத்தார். ஒன்று முளைத்தது. மெத்துசெலா என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்த பிறகுதான் அது ஆண் மரம் என்று தெரிந்தது. பேரீச்சையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம், ஆண் காய்க்காது. பிறகு இன்னும் சில பழைய கொட்டைகள் முளைத்தன. அவற்றில் ஹன்னா என்ற பெண் மரத்துக்கு மெத்துசெலாவின் மகரந்தத்தைத் தூவினார்கள். 2020இல் 111 பழங்கள் கிடைத்தன.

பிரசவ அறையில்

கடும் பிரசவ வலியோடு பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கிய, இயேசுவின் தாய் மர்யமிடம், மரத்தை உலுக்கு, கனிந்த பழம் உதிரும், உண்டு பருகு என்று சொல்லப்பட்டதைக் குர்ஆனின் மர்யம் அத்தியாயம் விவரிக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணிக்குப் பேரீச்சை கொடுக்கும் வழக்கத்துக்கு முஸ்லிம் சமூகங்களில் இது பெரிய ஆதாரம். பேரீச்சையைச் சுற்றி நடந்த மருத்துவ ஆய்வுகளில் எனக்கு மிகவும் சுவையாகப்பட்டவையும் இந்த விஷயம் பற்றியவையே.

ஜோர்டானில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பிரசவத் தேதிக்கு முந்தைய நான்கு வாரம் தினமும் ஆறு பேரீச்சை சாப்பிட்ட 69 பெண்களையும் சாப்பிடாத 45 பெண்களையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்கு வலி தானாகவே வந்தது. சாப்பிடாதவர்களில் 79 சதவீதம். மருத்துவமனைக்கு வரும்போது கருப்பை வாய் விரிந்திருந்த அளவும் சாப்பிட்டவர்களுக்கே அதிகம். கேட்க இனிமையாக இருந்தாலும் இதில் ஓர் ஓட்டை உண்டு. யார் சாப்பிடுவது, யார் சாப்பிடாதது என்பதைக் குலுக்கல்முறையில் பிரிக்கவில்லை. அந்த ஓட்டையை அடைத்து மலேசியாவில் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. 37ஆவது வாரத்திலிருந்து தினம் ஏழு பழம். பேரீச்சை வலியைச் சீக்கிரம் வரவைக்கவில்லை. ஆனால் வலி வந்தபின் ஆக்ஸிடோசின் ஊசியால் அதைத் தூண்ட வேண்டிய தேவை 50 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகக் குறைந்தது. மணிக்கணக்கில் நீளும் உடலுழைப்புக்குத் தெம்பு தருகிறது என்று பார்த்தால், சரகர் போட்ட கூடைக்கே வந்து நிற்கிறோம். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு ஏழு பழத்தை எடுத்து வைக்கக் கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் மேலண்ணத்தில் மென்ற பேரீச்சையைத் தடவும் தஹ்னீக் என்ற வழக்கம் உண்டு. நம் ஊரில் சேனை வைப்பது போலத்தான். இதற்கு அறிவியல் ஆதாரம் என்று சிலர் காட்டுவது, நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வை. ரத்தச் சர்க்கரை தாழ்ந்த பச்சிளம் குழந்தைகளின் கன்னத்தின் உட்புறத்தில் டெக்ஸ்ட்ரோஸ் கூழைத் தடவினால் பலன் கிடைக்கிறது என்று அது காட்டியது. அது மருத்துவமனையில் ரத்தம் பரிசோதித்து, எடைக்கேற்ற அளவில், சுத்தமான கூழைக் கொண்டு செய்தது. ஒருவர் வாயில் மென்றதைப் பச்சைக் குழந்தையின் வாயில் வைப்பது கிருமிக்குக் கதவு திறப்பது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேனில் ஊறிய பேரீச்சையை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொடவும் கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதை அந்தக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கக்கூடும்.

சர்க்கரை உள்ளவர்கள்

"டாக்டர், சர்க்கரைக்குப் பதில் பேரீச்சை போட்டுக்கலாமா?" என்ற கேள்வி எல்லாக் கிளினிக்குகளிலும் கேட்கும். அமீரகத்தில் ஐந்து ரகங்களை வைத்து நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. அவற்றின் கிளைசீமிக் குறியீடு ஏறத்தாழ 43க்கும் 55க்கும் இடையில்தான் இருந்தது, சர்க்கரை நோயாளிகளிடமும்கூட. இது வெள்ளை அரிசியைவிடக் குறைவு. இதைக் கேட்டதும் துள்ள வேண்டாம். ஆய்வில் பங்கேற்றவர்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான். அதோடு, குறியீடு குறைவு என்பதால் சர்க்கரையின் அளவு குறைந்துவிடாது. பெரிய மெட்ஜூல் பழம் ஒன்றில் 16 கிராம் சர்க்கரை, 66 கலோரி; மூன்று, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் சாப்பாட்டில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு ஒன்றிரண்டு சின்னப் பழம் சாப்பிடலாம். பேரீச்சை சிரப், தேன் பேரீச்சை, 'சர்க்கரை சேர்க்காத' பேரீச்சை அல்வா எல்லாம் அவர்களைப் பொறுத்தவரை இனிப்புப் பலகாரமே. மற்றவர்களுக்கு நாளைக்கு மூன்று, நான்கு பழம் போதும். பல்லில் ஒட்டும் பண்டம் என்பதால் தின்ற பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பேரீச்சையின் பெருமையான பொட்டாசியமே பகை. வெளியேற வழியில்லாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். டயாலிசிஸ் செய்துகொள்பவரைப் பார்க்கப் போகும்போது பேரீச்சைப் பெட்டியை அன்பளிப்பாக எடுத்துப் போகாதீர்கள்.

ரத்தசோகை என்று சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்பு மாத்திரை அங்கேயே இலவசம். கூடவே எலுமிச்சை பிழிந்த கீரை, நெல்லி, கொய்யா, சாப்பிடுகிறவர்கள் என்றால் ஈரலும் சுவரொட்டியும். பிள்ளைகளுக்கு மாலையில் பிஸ்கட், சாக்லேட் கொடுக்கும் இடத்தில் பேரீச்சையோடு நான்கு வேர்க்கடலை வையுங்கள். அந்த இடத்துக்கு அதைவிட நல்ல தின்பண்டம் குறைவு.

அஜ்வா, மெட்ஜூல் என்று விலையுயர்ந்த பெயர்களைத் தேடிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். இரும்பிலும் நாரிலும் பொட்டாசியத்திலும் சாதாரண ரகம் அவற்றுக்குச் சளைத்ததல்ல. பாக்கெட்டைத் திருப்பி, அடங்கிய பொருள்கள் என்ற வரியைப் படியுங்கள். சில மலிவுப் பழங்களுக்கு மினுமினுப்பு வருவது மேலே பூசும் குளுக்கோஸ் பாகால். அந்த வரியில் பேரீச்சை என்ற ஒரே சொல் மட்டும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.